மாப்ளைக்கு, மண்டபத்திலிருந்து

மண்டபம்
மார்கழி 12

மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கோ. தெற்குவாடி அண்ணன் புது வள்ளம் இறக்கிட்டார். பெரியம்மாவுக்கு முட்டி வலி தேவலை. ‘கலெக்டர்’ மறுபடி மலேசியா கிளம்பிட்டான், அதே பச்சை சூட்கேஸ். உன் கையெழுத்து இன்னும் நண்டு நடந்த மணலாத்தான் இருக்கு. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இங்க நடக்கிற தை மாசக் கருத்தரங்குக்கு உன் போஸ்டரை, அதான் பார்த்ததையெல்லாம் ஒரே பெரிய தாள்ல படமும் எழுத்துமா காட்டுறதை, ஏத்துக்கிட்டாங்கன்னு முதல் பக்கத்துல எழுதிட்டு, ரெண்டாம் பக்கத்துல “வர்றவங்க எல்லாம் பட்டம் வாங்கினவங்க, நான் வண்டலூர்ல கூண்டு பார்க்கிறவன், வரலைன்னு சொல்லிடவா”ன்னு கேட்டிருக்கே. சொல்லாதே. ஆறு கூழைக்கடாவுக்கு மார்ச் 1 முதல் ஜூலை 18 வரை 140 நாள், காலையில எவ்வளவு மீன் வெச்சே, சாயங்காலம் எவ்வளவு மிச்சம் எடுத்தேன்னு ஒரு நோட்டு வெச்சிருக்கே. வாரத்துக்கு ஒரு தடவை எடையும் இருக்கு. ஆராய்ச்சிக்கு வர்றவங்க நாலு நாள் நின்னு பார்த்துட்டுப் போவாங்க. தினமும் அந்தத் தொட்டி பக்கத்துல நின்னவன் நீதான். அந்த நோட்டுல இருக்கிறது வேற யார்கிட்டேயும் கிடைக்காது.

ஆனா நீ அனுப்பின வரைவுல முக்கியமானதையே விட்டுட்டே. தேதிகளைப் பாரு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கரையில 61 நாள் மீன்பிடித் தடை. அது உன் நோட்டுக்கு நட்ட நடுவுல விழுது. தடைக்கு முன்னாடி 45 நாள், தடையில 61 நாள், தடை முடிஞ்சு 34 நாள். மொத்தம் 140. முன்னாடியும் பின்னாடியும் பச்சை மீன், நடுவுல பெரும்பாலும் ஐஸ் பெட்டியில உறைஞ்ச மீன். நீ திட்டம் போடாமலே ஒரு நல்ல ஒப்பீடு அமைஞ்சிருக்கு. இதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு வேற நினைப்பு ஓடலை. போஸ்டருக்கு ஒரே ஒரு படம் போதும்: கீழே நாள், பக்கத்துல தின்ன மீனோட எடை, தடை நாட்களுக்குப் பின்னால வெளிர் சாம்பல் பட்டை. எழுதாம விட்ட நாள் காலியாவே இருக்கட்டும், கோட்டை இழுத்துச் சேர்க்காதே. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. அதனால அந்த 61 நாள்லயும் பச்சை மீன் வந்த நாள் இருந்தா தனிப் புள்ளியா காட்டு.

இதுல ஒரு குழி இருக்கு. தடைக்காலமும் கத்திரி வெயிலும் ஒண்ணாத்தான் வருது. பறவை குறைவா தின்னா அது மீனாலயா, வெயிலாலயான்னு உன் நோட்டை வெச்சுப் பிரிக்க முடியாது. “உறைந்த மீனால் உணவு குறைந்தது”ன்னு வரைவுல எழுதியிருக்கியே, அதை அடிச்சுடு. “தடைக்காலத்தில் உணவு குறைந்தது, அதே நாட்களில் வெயிலும் ஏறியது”ன்னு எழுதி, அன்றன்றைய உச்ச வெப்பத்தைக் கீழே இன்னொரு கோடா போடு. அங்க வர்ற முதல் கேள்வி இதுதான். பதில் படத்துலயே இருந்தா உனக்குக் கால் நடுங்காது.

அடுத்தது எடை. “எடை 30 கிராம் கூடியது”ன்னு இருக்கு. உன் தராசு 50 கிராம் பிரிவு, அதுல 30 கிராம் தெரியாது. எப்போ நிறுத்தேன்னும் எழுதலை. காலையில, மீன் வைக்கிறதுக்கு முன்னாடி, இறகு காய்ஞ்சிருக்கும்போது நிறுத்ததா? குளத்துல இருந்து ஏறினதும் நிறுத்தா ஈரமும் சேர்ந்து வரும். ஒவ்வொரு தடவையும் 5 கிலோ எடைக்கல்லை வெச்சுத் தராசைச் சரி பார்த்தியான்னும் சொல்லணும். பார்க்கலைன்னா பார்க்கலைன்னே எழுது.

மீன் கணக்குலயும் அதேதான். கட்டியா உறைஞ்சு வர்ற 10 கிலோ மீன் பிளாக்கை 10 கிலோ மீன்னு பதிஞ்சிருக்கே. மேல பூசின பனியும் உருகி வடிகிற தண்ணியும் சேர்ந்து ஒரு கிலோ, சில சமயம் அதுக்கு மேலயும் போயிடும். வடிய விட்டு நிறுத்த எடைதான் தீனி எடை. உருக்கின முறையை ரெண்டு வரியில எழுது: ராத்திரி முழுக்க குளிர்பெட்டியிலயா, தொட்டித் தண்ணியிலயா? தண்ணியில ஊறினா பி வைட்டமின் கரைஞ்சு போகும். மத்தி இனத்துல பல மீன்ல தயாமினேஸ்ங்கிற நொதி வேற இருக்கு. மீன் ஐஸ்ல கிடக்கும்போதும் அது தயாமினை, அதாவது பி1 வைட்டமினை, அழிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் ஒரு கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயாமினும், 100 யூனிட் வைட்டமின் இ-யும் கொடுக்கிற வழக்கம். மாத்திரையைச் செவுளுக்குள்ள செருகி, முதல் மீனா கையிலயே கொடுக்கணும். கூடையில கலந்து கொட்டினா எந்தப் பறவை தின்னுச்சுன்னு தெரியாது. உங்க டாக்டர் எந்த அளவு சொன்னாரோ அதை அப்படியே போடு.

இன்னொண்ணு, “66.67 சதவீதம்” வேண்டாம். ஆறு பறவையில நாலுன்னு சொல்லு.

போஸ்டர் ஏ0 அளவு, அதாவது 84 சென்டிமீட்டர் அகலம், 119 உயரம். நாலடி தள்ளி நின்னு படிக்க முடியணும். உள் எழுத்தோட அளவு 24 பாயின்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. படங்களை வாட்ஸப்புல போட்டோவா அனுப்பினா தரம் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பு. பறவை படத்துக்கும் நோட்டுக் கணக்குக்கும் இயக்குநர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடு, கடைசி வாரம் வரைக்கும் விடாதே. நாலு அங்குல பிவிசி குழாய், ரெண்டு பக்கமும் மூடி, அதுக்குள்ள சுருட்டிக் கொண்டா. தையில வாடைக்காத்து அடங்கியிருக்காது. பலகையை வராந்தாவுல வெச்சா ஒரு குண்டூசிக்கு நிக்காது. ரெட்டைப் பக்க டேப்பும் எட்டு கிளிப்பும் எடுத்துக்கோ.

பேச்சு ரெண்டு நிமிஷம், தமிழ்லயே பழகு. எத்தனை பறவை, எத்தனை நாள், என்ன பார்த்தே, எதை அளக்கலை. தெரியாததைக் கேட்டா “அதை நான் அளக்கலை”ன்னு சொல்லிட்டு, கேட்டவர் பேரையும் கேள்வியையும் அங்கேயே குறிச்சுக்கோ. அடுத்த வருஷ வேலை அந்தத் தாள்லதான் இருக்கும். சாப்பாட்டு நேரத்துல வண்டலூர்க்காரங்களோடயே உக்காராதே. பறவைத் தீனி பார்க்கிறவங்க, கால்நடை மருத்துவர் யாராவது பக்கத்துல போய் உக்காரு.

வரும்போது ராமநாதபுரத்துல இறங்கினா சக்கரக்கோட்டை கண்மாயைக் காட்டுறேன், அந்த நேரத்துல காட்டுக் கூழைக்கடா இருக்கும். அங்க போட்ட செருப்போடயும் துணியோடயும் உன் கூண்டுக்குள்ள போயிடாதே. பறவைக்காய்ச்சல் உள்ள வர்றதுக்கு உன் காலே போதும். தனி ஜோடி கொண்டா, திரும்பினதும் ப்ளீச்சிங் தண்ணியில கழுவு.

திருத்தின வரைவை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு. தடை நாட்களுக்குச் சாம்பல் பட்டை போட்டிருக்கியான்னு முதல்ல பார்ப்பேன். வர்ற ரயிலைச் சொன்னா பெரியம்மா நகரை மீன் வாங்கி வெச்சிடுவாங்க.

மச்சான்