வெசாக் கூட்டுப் பொதி வாங்கியவர்களுக்கு: இம்முறை நூல் ஏன் வருகிறது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் தாள் விளக்கான அட்டபட்டம் கூடு கட்டும் எங்கள் பொதியில் இந்த வெசாக்குக்கு ஒரு நூற்கண்டு கூடுதலாக வைத்திருக்கிறோம். "இது எதற்கு?" என்று கேட்டவர்களுக்கும், "கூடு கோணிப்போச்சு, குச்சி சரியில்லை" என்று சொன்னவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல். கோணுவது பெரும்பாலும் குச்சியால் அல்ல. அந்த வடிவமே அப்படிப்பட்டது.

அட்டபட்டம் 6 சதுரமும் 8 முக்கோணமும் சேர்ந்த உருவம். ஒரே நீளத்தில் 24 குச்சி, 12 முடிச்சு. முக்கோணத்தை எப்படி நெரித்தாலும் அது முக்கோணமாகவே நிற்கும். சதுரம் அப்படியல்ல, மூலையைத் தொட்டாலே சரியும். வெறும் குச்சிக் கூட்டை ஒரு முக்கோணத்தில் நிற்கவைத்து, மேலே இருக்கும் முக்கோணத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். கூடு முழுவதும் முறுகிக்கொண்டே கீழே இறங்கும். இந்த நிலையில் தாளை ஒட்டினால், ஒட்டும்போது இருந்த கோணலோடுதான் பசை காயும். பிறகு திருத்த வழியில்லை.

அதனால் ஒவ்வொரு சதுரத்துக்கும் மூலைக்கு மூலை நூல் கட்ட வேண்டும். ஒரு நூல் போதாது, இரண்டும் வேண்டும். நூல் இழுபடுவதைத் தடுக்கும், நெருங்குவதைத் தடுக்காது. கூடு வலப்பக்கம் முறுகினால் ஒரு நூல் பிடிக்கும், இடப்பக்கம் முறுகினால் மற்றது பிடிக்கும். குறுக்கே குச்சி வைத்தால் ஒன்றே போதும்தான், ஆனால் விளக்கு எரியும்போது ஒவ்வொரு முகத்திலும் அதன் நிழல் கோடாக விழும்.

பொதியில் உள்ள மூங்கில் குச்சிகள் 9½ அங்குலம். இரு முனையிலிருந்தும் கால் அங்குலம் உள்ளே பென்சிலால் குறியுங்கள். முடிச்சு அந்தக் குறியில் விழவேண்டும். அப்போது முடிச்சுக்கு முடிச்சு 9 அங்குலம் வரும். 26 குச்சி வைத்திருக்கிறோம், இரண்டு உடைந்தாலும் குறையாது. குச்சியின் வழுவழுப்பான தோல் பக்கம் உட்புறம் இருக்கட்டும், பசை அதில் பிடிக்காது. சொந்தமாக மூங்கில் வெட்டிப் பிளப்பவர்கள் முற்றிய மூங்கிலாகப் பார்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் பாவியுங்கள். பச்சை மூங்கில் காயும்போது சுருங்கும், இறுக்கிக் கட்டிய முடிச்சும் தளர்ந்துவிடும்.

ஒரு அட்டையில் 9 அங்குலச் சதுரம் ஒன்றை மூலைமட்டம் வைத்து வரைந்து, அதன்மேல் குச்சிகளை அடுக்கி ஒவ்வொரு சதுரமாகக் கட்டுங்கள். மேசையில் தட்டையாகக் கிடக்கும்போதே நூலையும் கட்டிவிட வேண்டும். இரண்டு நூலும் 12¾ அங்குலம் வரவேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் அது சதுரமில்லை. விறைக்க இழுக்கவும் கூடாது: அளவுக்கு மேல் இழுத்தால் ஒரு மூலை மேசையை விட்டு எழும்பும். நூல் குச்சியின் உட்பக்கத்தில் இருந்தால்தான் தாளைத் தொடாது. இப்படி ஐந்து சதுரம். ஆறாவதற்கு மட்டும் நூலுக்குப் பதிலாக, பொதியில் தனியாகச் சுற்றி வைத்திருக்கும் 13¼ அங்குலக் குச்சியைக் குறுக்கே கட்டுங்கள். மின்குமிழ் தொங்குவது அதில்தான்.

நூல் கட்டிய ஒரு சதுரத்தைத் தரையில் வைத்து, அதன் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு சதுரத்தின் ஒரு மூலையைக் கட்டுங்கள். அந்த நான்கும் முனையில் நிற்பதுபோல் எழும்பி, பக்கத்துச் சதுரத்தோடு மூலைக்கு மூலை சேரும். மேல் முனைகள் நான்கிலும் ஆறாவது சதுரம் வந்து உட்காரும். எந்த முடிச்சை எடுத்தாலும் அதில் இரண்டு சதுரம், நான்கு குச்சி இருக்கவேண்டும். மூன்றோ ஐந்தோ இருந்தால் எங்கோ மாறிக் கட்டியிருக்கிறீர்கள்.

இனித் தாள். பட்டம் ஒட்டுகிற ரிசு பேப்பர்தான் தந்திருக்கிறோம், 20க்கு 30 அங்குலம். 10 அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு தாளில் ஆறு வரும், உங்களுக்கு வேண்டியது ஐந்து. மேல் சதுரத்தை மூடக்கூடாது. சூடு வெளியேறவும் கை உள்ளே போகவும் அதுதான் வழி. இன்னொரு தாளை நீளவாக்கில் 10 அங்குல அகலத்தில் இரண்டாக்கி, தலைகீழாக மாற்றி மாற்றி வெட்டினால் 10¾ அங்குலப் பக்கமுள்ள முக்கோணம் எட்டும் கிடைக்கும். அரை அங்குலம் மடித்து ஒட்ட இது போதும். மீதித் தாள்கள் குஞ்சத்துக்கு.

பசைக்கு 2 மேசைக்கரண்டி கோதுமை மாவை கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் முக்கால் கப் தண்ணீரில் ஊற்றி, மெல்லிய தீயில் கண்ணாடிபோல் வரும்வரை கிண்டுங்கள். ஆறிய பிறகே பாவியுங்கள். கெட்டுப்போகாமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, சிறுவர் கைபடும் வேலைக்கு வேண்டாம். அன்றன்று காய்ச்சினால் போதும். பசையைக் குச்சியில்தான் பூச வேண்டும், தாளில் அல்ல. தண்ணீர் கூடிய பசை தாளை நனைத்துச் சாயத்தைக் கரைக்கும். வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு ஒட்டுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முதலில் முக்கோணங்கள், பிறகு பக்கச் சதுரங்கள், கடைசியில் அடிச்சதுரம். ஒட்டிக் காய்ந்தபின் தாள் தொய்வாக இருந்தால், தெளிப்பானால் பனிபோல் தண்ணீர் தெளித்து நிழலில் காயவிடுங்கள், தாள் சுருங்கி விறைக்கும். வெள்ளைத் தாளுக்கு மட்டுமே இதைச் செய்யலாம்.

பாடசாலைப் போட்டிக்குச் செய்பவர்கள் தங்கத்தாளில் பூ வெட்டி ஒட்டுவதுண்டு. பகலில் மின்னும், விளக்கு ஏற்றியதும் ஒளி புகாமல் கறுப்பாகத் தெரியும். இரவில் பார்க்கப்போகிற கூட்டுக்கு, அதே பூவை வெள்ளை ரிசு பேப்பரில் வெட்டி ஒட்டுவதே எங்களுக்குப் பிடித்தது. பக்கத்து நான்கு மூலைகளில் தொங்கும் குட்டிக் கூடுகளுக்கு மூங்கில் தேவையில்லை, 3 அங்குல ஈர்க்கு போதும். நான்குக்கும் சேர்த்து 96 துண்டு வேண்டும் என்பதால் பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினாலும் குறையில்லை, வெறும் குஞ்சத்தோடும் கூடு அழகுதான்.

பொலித்தீன் குஞ்சம் கேட்டு வருகிறார்கள். நாங்கள் விற்பதில்லை. சமய, சமூக நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம் 2017 முதல் நாட்டில் தடை. மே மாத மழைக்குத் தாள் நிற்காது என்பது உண்மைதான், அதற்குக் கூட்டை வாசல் கூரைக்கு உள்ளே தொங்கவிடுங்கள்.

மின்குமிழ் 5 வாட் எல்.ஈ.டி போதும், குறுக்குக் குச்சியிலிருந்து 6 அங்குலம் கீழே தொங்கினால் கூட்டின் நடுவில் நிற்கும். பழைய இழைக் குமிழ் போடவேண்டாம், அதன் சூட்டில் தாள் கருகும். மெழுகுதிரிதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த அளவுக் கூடு பொருந்தாது. குறுக்குக் குச்சி சுவாலைக்கு நேர் மேலே வருகிறது, காற்றில் கூடு ஆடினால் பக்கத் தாளும் பற்றும்.

பொதியைத் திறந்ததும் குச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்திப் பாருங்கள். ஏதாவது நீளம் குறைந்தோ பிளந்தோ இருந்தால், கட்டத் தொடங்குமுன் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். பற்றுச்சீட்டு தேவையில்லை.

இப்படிக்கு,
கடையினர்