சாம்பல் பெட்டை

கல்லடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கல்முனைப் பொடியன் வருகிற கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதையும் மாசிச் சம்பல் போத்தலையும் கொடுத்து விடுகிறேன். போனில் எழுதினால் கோடு ரெண்டும் நீலமாகிறது, அதோடு சரி. வேலையோடு இருப்பாய்.

புறாக்கள் சுகம். பாரசீகச் சோடி முட்டை இட்டிருக்கிறது. முதலாவது செவ்வாய், மற்றது வியாழன். நீ சொன்னபடி 18 நாள் எண்ணுகிறேன். பகலில் ஆண் அடையில் இருக்கிறது, பின்னேரம் பெட்டை வந்து மாறுகிறது. இந்த முறை வளையத்தை 7ஆம் நாளே போட்டுவிடுவேன். போனதரம் பிந்திவிட்டேன், காலில் ஏறவில்லை. அந்தக் குஞ்சு வெறுங்காலோடு திரிகிறது.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இந்தக் காற்றில் விட்டால் கடல் பக்கம் தள்ளிப்போய்விடும் என்பாய். ஞாயிறு காற்று அடங்கிக் கிடந்தது, விட்டேன். 6.10க்கு ஏறின. கூட்டுக்கு நேர் மேலே, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்குமே, அதைக் கழுத்து நோகப் பார்த்தேன். பிறகு புள்ளி, பிறகு அதுவும் இல்லை. 12.40க்குத் தகரத்தில் வெள்ளைப் புறாக்களை விட்டேன். அதுகளைக் கண்டுதான் இறங்கின. ஆறரை மணித்தியாலம்! உன் கொப்பியில் எழுதியிருக்கிறேன். “புறா உனக்குச் சோறு போடுமா” என்று கேட்டவள் அன்றைக்கு உலை வைக்க மறந்துபோனேன்.

இஸ்பஹானில் எருவுக்காகவே புறாக்களுக்குக் கோபுரம் கட்டினார்கள் என்று சொல்வாயே. இங்கே எரு முழுக்கக் கத்தரிக்குத்தான். நீ இருக்கிற இடத்திலிருந்து கடலைத் தாண்டினால் ஈரான்தானாம், மாமா சொன்னார். நீ பார்த்து ஆசைப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தண்ணீர் குடி. போன மாதக் காசு வேறு யாரோ பெயரில் வந்தது. பாங்கில் கேட்டார்கள், மகனின் கூட்டாளி என்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கடன்பட்டு அனுப்பாதே, அவ்வளவுதான். எனக்குத் தீன் வாங்கக் காசு இருக்கிறது. குரக்கனும் சோளமும்தானே, பயறு கொஞ்சம். கடன்பட்டு அனுப்பாதே மனே.

நேற்று மாமா வந்து, அவன் கோல் எடுத்தானா என்றார். எடுத்தான் என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை.

நீ ஏ.எல். சோதனைக்குப் படித்த வருடம் சாம்பல் பெட்டையை வல்லூறு அடித்தது என்றேனே. அடிக்கவில்லை. ஏறாவூரிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றேன். ரியூசன் காசு மூன்று மாதம் கட்டாமல் கிடந்தது. படிக்காமல் கூரையிலேயே நிற்கிறாய் என்ற கோபமும் இருந்தது. கோபம்தான் கூட. காசு வேறு வழியிலும் பிரட்டியிருப்பேன்.

ஐந்தாம் நாள் அது திரும்பி வந்தது. அவர்கள் இறக்கையில் கட்டின நூல் அவிழ்ந்து தொங்கியது. வந்ததும் தன் பெட்டிக்குள் போய் இருந்துகொண்டது. நீ ரியூசனில். படலையில் உன் சைக்கிள் சத்தம் கேட்குமுன் பிடித்து, கடதாசிப் பெட்டியில் போட்டுக் குசினியில் விறகுக்குப் பின்னால் வைத்தேன். அன்று பின்னேரமும் நீ தகரத்தில் ஏறி நின்று விசில் அடித்தாய். அது உள்ளே கிடந்து முனகியது. நான் வெளியே வந்து, “இறங்கடா, விழப்போகிறாய்” என்று கத்தினேன். விடியத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது வரவில்லை.

அப்பாவுக்கும் இது தெரியாது. உன்னோடு கதைக்கும்போதெல்லாம் வாய்வரை வரும், பிறகு கறி என்ன என்று கேட்டுவிடுவேன்.

நீ இதைப் படிக்கும்போது குஞ்சு பொரித்திருக்கும். கூடு திறக்கிற 6 மணி உனக்கு விடியப்புறம் மூன்றரை. அப்போது எடுக்காதே, படு. பின்னேரம் எடு. கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எடு, நான் குஞ்சைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா

சம்பல் போத்தல் மூடி இறுக்கமில்லை. நிமிர்த்தி வை.