தூளி கட்டத் தெரிஞ்ச ஊருக்கு ஹாமக் கட்டத் தெரியாதாங்க?

ஆசிரியர் அவங்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல ஹாமக் கேம்பிங் பத்தி, அதாவது ரெண்டு மரத்துக்கு நடுவுல துணித் தூளி கட்டி வெளியில ராத்திரி தங்கறதப் பத்தி, அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. வெடியால டீக்கடையில பேப்பர் கைக்கு வந்ததும் சந்தோசமாத்தான் இருந்துச்சு, நம்ம பக்கம் இதப்பத்தி எழுத ஒரு ஆளு இல்லையேன்னு நெனச்சிட்டு இருந்தவன் நானு. ஆனா அந்தப் போட்டோவப் பாத்ததும் பக்குனு ஆயிப்போச்சுங்க. ரெண்டு தென்னைக்கு நடுவுல துணி காயப்போடற கொடி மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டி அதுல ஒரு பொண்ணு சிரிச்சிட்டு படுத்திருக்குது, சித்த மேல பாத்தா அந்தப் பொண்ணு நெஞ்சுக்கு நேரா கொலை கொலையா முத்துன காய். பொள்ளாச்சி, ஆனமலைப் பக்கம் தோப்பு வெச்சிருக்கறவங்க யாராச்சும் அதப் பாத்திருந்தா அன்னைக்கே உங்களுக்குப் போன் போட்டிருப்பாங்க. காய் மட்டுமில்லீங்க, காஞ்ச மட்டை ஒண்ணு காத்தே இல்லாத ராத்திரியிலயும் சடசடன்னு வரும், அது மேல உழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. தென்னைய உட்டுட்டு வேற மரம் பாருங்க.

நான் காங்கேயம் பக்கமுங்க, மில்லு வேலை. ஒரு ஏழெட்டு வருசமா லீவு கெடைச்சா ஹாமக்கத் தூக்கிட்டு கெளம்பிடறவன். பெரிய எக்ஸ்பர்ட்டெல்லாம் கெடையாது, பண்ற தப்பயெல்லாம் ஒரு தடவ பண்ணிப் பாத்தவன், அவ்வளவுதான். அதனால புதுசா ஆரம்பிக்கற பசங்களுக்காக சிலத எழுதறேன், எடம் இருந்தா போடுங்க.

மொதல்ல இந்த விறைப்பு. மொதல் தடவ நானும் அப்படித்தான் எங்க தோட்டத்துல ரெண்டு வேப்பமரத்துக்கு நடுவுல, கெணத்து மோட்டார் எறக்கற நைலான் கயிறு சும்மா கெடந்துச்சுன்னு அதயே எடுத்து, கால மரத்துல ஊணி இழுத்துக் கட்டுனேன். படுத்தா தோள் ரெண்டும் நெருக்குது, திரும்பிப் படுக்கலாம்னு பாத்தேன், அப்படியே தலைகீழாக் கவுத்து உட்டுருச்சு. கட்டுத்தரையில சாணி வழிச்சிட்டு இருந்த எங்க ஆத்தா எந்திரிச்சு வந்து பாத்துட்டு, "ஏஞ்சாமி, கொழந்தைக்கு இப்படியா தூளி கட்டுவாங்க? நல்லா எறக்கி உடு"ன்னுச்சு. அந்த ஒரு வார்த்தைதாங்க மொத்த விசயமும். ஏணை, தூளி, ஆடி பதினெட்டுக்குப் போடற தூரி எல்லாம் நம்ம கை பழகுனதுதான், ஹாமக்குன்னு பேரு மாறுனதும் புத்தி மாறிப் போகுது.

எவ்வளவு எறக்கறதுன்னு கேட்டா, மரத்துல சுத்தி ஹாமக்க மாட்டற பெல்ட்டு, தரைக்கு இணையான மட்டத்துல இருந்து ஒரு 30 டிகிரி கீழ சாஞ்சு வரோணும். அளக்கறதுக்கு ஒண்ணும் வேண்டாம், ஆட்காட்டி விரல மட்டமா நீட்டி கட்டைவிரல மேல தூக்கி 'ட' எழுத்து மாதிரி வெச்சுக்கங்க, ஒரு விரல் நுனியில இருந்து இன்னொரு விரல் நுனிக்கு கோடு போட்டாப்பல பெல்ட்டு போச்சுன்னா கிட்டத்தட்ட சரி. இது சொகத்துக்கு மட்டும் இல்லீங்க. 70 கிலோ ஆளு 30 டிகிரியில படுத்தா ஒவ்வொரு பக்கத்துப் பெல்ட்டுலயும் 70 கிலோ இழுப்புதான் வரும், அதயே 15 டிகிரிக்கு விறைச்சா 135 கிலோ, 10 டிகிரின்னா 200 கிலோ, 5 டிகிரின்னா 400 கிலோவத் தொடும். டப்பா மேல 200 கிலோ தாங்கும்னு போட்டிருக்குதேன்னு நம்பி விறைப்பா கட்டி ஒல்லியான ஆளு படுத்தே கொக்கி வளைஞ்சத நான் கண்ணால பாத்திருக்கேன்.

அப்பறம் வாழைத்தார் மாதிரி வளைஞ்சு படுக்காதீங்க. துணி நல்லா தொங்கற மாதிரி கட்டிட்டு தலைய ஒரு ஓரம், கால மறு ஓரம் வெச்சு கோணலாப் படுத்தா முதுகு மட்டமா நிக்கும், இத யாரும் சொல்லாமயே புது ஆளுங்க ஒரே ராத்திரியில இடுப்பு போச்சுன்னு உட்டுடறாங்க. கால் பக்கம் மட்டும் ஒரு முக்கால் அடி ஒசத்திக் கட்டுங்க, இல்லீனா தூக்கத்துல கால் பக்கமே சறுக்கிட்டுப் போவீங்க. துணி 11 அடி நீளம் இருந்தா நல்லது, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு மெல்லிசான கயிறு நிரந்தரமாக் கட்டி அத 9 அடிக்குக் கொஞ்சம் மேல நிக்கற மாதிரி வெச்சுட்டீங்கன்னா எந்த மரத்துல மாட்டுனாலும் தொங்கல் ஒரே மாதிரி வரும். மரத்துக்கு மரம் 12ல இருந்து 15 அடி, கட்டற எடம் தலை ஒசரம், தள்ளித் தள்ளி இருக்கற மரம்னா இன்னும் மேல. உக்காந்தா நாற்காலி ஒசரத்துக்கு மேல இருக்கவே கூடாதுங்க, கொப்புல தொங்கிப் படம் எடுத்துப் போடற பசங்களப் பாத்து ஏமாறாதீங்க. ஏறும்போது நடுவுல உக்காந்து, துணிய ரெண்டு கையாலயும் விரிச்சுட்டு, அப்பறமா காலத் தூக்கிப் போடோணும், கட்டில்ல உழற மாதிரி உழுந்தா அது உங்களச் சுருட்டி அந்தப்பக்கம் எறிஞ்சுரும்.

கயித்து விசயத்துக்கு வரேன். நான் கட்டுன அந்த நைலான் கயிறு நடுராத்திரிக்குள்ள நீண்டு, முழிச்சுப் பாத்தா முதுகு புல்லுல பட்டுட்டு கெடக்குது. நைலான் நீளும், பாலியஸ்டர் பெல்ட்டு அவ்வளவா நீளாது. அதவிட மோசம், வெடிஞ்சு பாத்தா மரத்துப் பட்டையில கயிறு வெட்டி எறங்கியிருக்குது, ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தடத்துல பிசின் முத்து முத்தாக் கோத்துட்டு நின்னுச்சு. பட்டைக்குப் பின்னாடிதான் மரத்துக்கு சாப்பாடு ஓடுது, அத அறுக்கறதும் கழுத்த நெரிக்கறதும் ஒண்ணுதான். குறைஞ்சது ஒரு இஞ்ச் அகலம் இருக்கற பெல்ட்டா போடுங்க, ரெண்டு இஞ்ச்சுனா இன்னும் நல்லது. லாரிக்கு லோடு இறுக்கற பாலியஸ்டர் பெல்ட்டு நாமக்கல், சங்ககிரி பக்கம் மலிவாவே கெடைக்கும், கிழியாத, வெயில்ல வெளுக்காத பெல்ட்டாப் பாத்து எடுத்தா போதும்.

மரம் உசுரோட இருக்கோணும், தொடை கனத்துக்காவது இருக்கோணும். முருங்கையில கட்டாதீங்க, இத எழுத வேண்டியதில்லன்னு நெனச்சேன் ஆனா கட்டுன ஆளு எங்க சொந்தத்துலயே இருக்கறாரு. வேம்பு, மா, புளி எல்லாம் நல்லது, புளிக்கு சுத்தளவு எச்சு அதனால பெல்ட்டு நீளமா வேணும், பேய் பயம் இருக்கறவங்க வேம்போட நிறுத்திக்கங்க. எந்த மரமானாலும் கட்டறதுக்கு மின்ன அண்ணாந்து பாத்து காஞ்ச கொப்பு இல்லாம இருக்குதான்னு பாருங்க. ஏற்காடு, வால்பாறை எஸ்டேட்டுகள்ல நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக் நேரா அழகா இருக்கும், ஆனா காத்துக்கு கெளை பொசுக்குனு ஒடியற சாதி, அதுல ஏறியிருக்கற மிளகுக் கொடி மேல பெல்ட்டப் போட்டு இறுக்குனா எஸ்டேட்டுக்காரரு உங்கள மறுபடியும் உள்ள உட மாட்டாரு.

ஏற்காடுன்னதும் குளிரு ஞாபகம் வருதுங்க. மார்கழி மாசம், தெரிஞ்சவரு காப்பித் தோட்டம். சென்னிமலைப் போர்வை ரெண்டு இருக்குது, என்ன பயம்னு போயிட்டேன். மேல ரெண்டு போர்வையும் போத்தியாச்சு, தலைக்கு மப்ளர் கட்டியாச்சு, ஒரு மணி வாக்குல முதுகும் பின்பக்கமும் ஐஸ் கட்டி மேல படுத்த மாதிரி. காரணம் என்னன்னா போர்வையோ ஸ்லீப்பிங் பேகோ உடம்புக்கு அடியில நசுங்கிப் போச்சுன்னா அதுல காத்து நிக்காது, காத்து நிக்காட்டி சூடும் நிக்காது, கீழ வெட்டவெளியில காத்து பாட்டுக்கு வந்து இருக்கற சூட்டயும் உருவிட்டுப் போயிரும். தரையில படுத்தாக்கூட இந்தளவு குளுராது. அன்னைக்கு காருக்குள்ள ஓடிப்போய் முன் கண்ணாடிக்கு வெயில் மறைக்கற அந்தப் பளபள சீட்ட எடுத்தாந்து முதுகுக்கு அடியில போட்டேன், அரை மணி நேரத்துல தூக்கம் வந்துருச்சு. பின்னால யோகா மேட் போட ஆரம்பிச்சேன். காசு இருக்கறவங்க ஹாமக்குக்கு வெளிப்பக்கம் அடியில தொங்கற ரஜாய் மாதிரி ஒண்ணு விக்குது, அத வாங்கிக்கலாம், அது நசுங்காது. அடியில மேட் போட்டா இன்னொரு லாபம், மெல்லிசுத் துணியில முதுகு அழுந்தற எடத்துல கீழ இருந்து குத்தற கொசுவுக்கு வேலை இல்லாமப் போயிரும்.

மழைக்கு ஹாமக்குக்கு மேல டார்ப், அதான் தார்பாய், கட்டறதுல ஒரே ஒரு சமாச்சாரம். டார்ப்புல ஒழுகாட்டியும் மரத்துல வழியற தண்ணி பெல்ட்டு புடிச்சு நேரா உங்க தலமாட்டுக்கு வந்து சேரும், டார்ப்புக்கு உள்பக்கமா பெல்ட்டு மேல ஒரு சாண் நூலோ பழைய ஷூ லேஸோ கட்டித் தொங்க உட்டா தண்ணி அது வழியா சொட்டிரும். ஹாமக் தொளதொளன்னு இருக்கோணும், டார்ப் மட்டும் விறைப்பா இருக்கோணும். லாரி கிளீனருங்க தார்பாய் கட்டறதப் பாத்திருப்பீங்க, கயித்து நடுவுல ஒரு கண்ணு போட்டு, நுனிய கொக்கியில சுத்தி, அந்தக் கண்ணு வழியா திருப்பி இழுத்து, ஒரு மடிப்பு சொருகுவாங்க, அந்த முடிச்சு ஒண்ணு தெரிஞ்சா போதும், அவுக்கறதுக்கும் ஒரே இழுப்பு. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல, அந்த மாசத்துல டார்ப்போட அகலப் பக்கத்த மேக்கால தாழ்த்திக் கட்டுங்க, வாய்ப்பக்கத்த காத்துக்குக் காட்டுனா பட்டம்தான்.

ஊருல எல்லாரும் கேக்கறது பாம்பு. உண்மையச் சொன்னா தரையில பாய் போட்டுப் படுக்கறதுக்கு இது எவ்வளவோ மேலுங்க, கட்டுவிரியன் ராத்திரியில திரியறது, பெரும்பாலும் தரையில படுத்துத் தூங்கறவங்களத்தான் கடிக்கும். சுத்தி கொசுவலை இருக்கட்டும், வெடியால எறங்கும்போது டார்ச் அடிச்சுட்டு எறங்குங்க, செருப்பத் தட்டிட்டு மாட்டுங்க, தேளுக்கு ஷூன்னா கொள்ளைப் பிரியம்.

உங்க கட்டுரையில கடைசியா டாப்சிலிப், தாளவாடின்னு எடம் சொல்லியிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் கொஞ்சம் கோவமே வந்துச்சு. டாப்சிலிப் இருக்கற ஆனமலையும் தாளவாடி இருக்கற சத்தியமங்கலமும் புலிகள் காப்பகம், அனுமதி இல்லாம உள்ள ராத்திரி தங்குனா கேஸுதான், கேஸு போடறதுக்கு மின்ன யானை வந்துச்சுன்னா கேஸு போட ஆளும் இருக்காது. 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத் தீயில மாட்டி எத்தன பேரு போனாங்கன்னு உங்க பேப்பர்லயே படிச்சோம், அதுக்கப்பறம்தான் ட்ரெக்கிங்குக்கே தனியா விதி வந்துச்சு. நடக்கோணும்னா வனத்துறையே 2024ல இருந்து ஆன்லைன்ல புக் பண்ணி கைடோட கூட்டிட்டுப் போகுது, அதுல போகட்டும். ஹாமக்குல தூங்கோணும்னா தோட்டம் இருக்குது, மாமன் மச்சான் தோப்பு இருக்குது, கேட்டா இல்லைங்க மாட்டாங்க. மொதல் அஞ்சு ராத்திரியாவது வீட்டுல லைட்டு தெரியற தூரத்துல படுங்க, முடியலைன்னா எந்திரிச்சு உள்ள போயிரலாம்.

அடுத்த வாரம் திருத்தம் போடறதா இருந்தா போட்டோவுக்கு எங்க தோட்டத்துக்கே ஆளு அனுப்புங்க, ஆத்தா மோர் குடுக்கும். அந்த வேப்பமரத்துல என்ற கயிறு வெட்டுன தடம் இன்னும் அப்படியே இருக்குது, அதயும் கிட்டக்கப் போய் ஒரு படம் எடுத்துக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துல இருந்து உங்க ரொம்ப நாள் வாசகன்