நீ விட்டுப்போன மூன்று புத்தகங்கள்

அன்புள்ள மகனுக்கு,

அன்று போனில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். "ராக்கெட் கதை படிக்கிறவனுக்கு டால்ஸ்டாய் எங்கே புரியப்போகிறது" என்று சொன்னது தப்புதான். நீயும் சும்மா விடவில்லை. "உங்க கிளாசிக்கை எல்லாம் பாதிப் பேர் படிக்காமலே புகழறாங்க" என்றாய். அது சுருக்கென்று தைத்தது. ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலை நான் முழுதாகப் படித்ததே இல்லை. கல்லூரி நாளில் நடாஷா வரும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டால்ஸ்டாய் கதையை நிறுத்திவிட்டு, வரலாறு எப்படி நகர்கிறது என்று பாடம் எடுக்கிற இடங்களையெல்லாம் தாண்டிப் போய்விட்டேன். கடைசியில் வருகிற இரண்டாம் பின்னுரையைத் தொடவே இல்லை. முப்பது வருஷமாக அதைப் படித்தவள் என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

நீ அலமாரியில் விட்டுப்போன, அசிமோவ் எழுதிய மூன்று 'ஃபவுண்டேஷன்' அறிவியல் புனைகதைப் புத்தகங்களையும், உண்மையைச் சொன்னால், குறை பொறுக்கத்தான் கையில் எடுத்தேன். அதில் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்கிற ஹாரி செல்டனின் கணக்கு எனக்குப் புரிந்தவரை இதுதான்: ஒரு தனி மனிதன் நாளைக்கு என்ன செய்வான் என்று சொல்ல முடியாது, கோடானுகோடிப் பேர் சேர்ந்து எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லலாம். வாயுவில் ஒரு மூலக்கூறின் போக்கு பிடிபடாது, மொத்த வாயுவின் அழுத்தம் பிடிபடும். அது மாதிரி. படிக்கப் படிக்க, இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று உறுத்தியது.

எழுந்துபோய், நான் தாண்டிப்போன பக்கங்களைத் திறந்தேன். நெப்போலியனோடு ரஷ்யர்கள் மோதுகிற போரோடினோ போர் முடிந்து அடுத்த பகுதி தொடங்குகிற இடம். அரசர்களையும் தளபதிகளையும் விட்டுவிடுங்கள், எண்ணற்ற மனிதர்களின் சின்னச் சின்ன விருப்பங்களை நுண்கணிதத்தில் செய்வது போலக் கூட்டிப் பார்த்தால்தான் வரலாற்றின் விதி தெரியும் என்கிறார் டால்ஸ்டாய். அந்த நாவல் முழுதாக வந்தது 1869-இல். அசிமோவின் முதல் ஃபவுண்டேஷன் கதை வந்தது 1942-இல். கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வரலாற்றிலிருந்துதான் தனக்கு யோசனை கிடைத்தது என்று அசிமோவ் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து வந்தால் என்ன, இருவரும் வந்து நின்றது ஒரே கேள்விமேல். நாம்தான் எதிரெதிர்ப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதே. அசிமோவின் ஆட்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், சுருட்டு பிடிக்கிறார்கள், மறுபடி பேசுகிறார்கள். முதல் புத்தகத்தில் வருகிற மேயர் சால்வர் ஹார்டினின் முகத்தைச் சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் பெண்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. டால்ஸ்டாயோ, தனி மனிதனால் ஒன்றும் ஆகாது என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார், ஆனால் ஆஸ்டர்லிட்ஸ் போரில் அடிபட்டு விழுந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆந்த்ரேயை மறக்க விடமாட்டேன் என்கிறார். அவர் கொள்கையை அவர் நாவலே தோற்கடிக்கிறது.

சரி, ம்யூல் விஷயத்துக்கு வருகிறேன். செல்டனின் கணக்கையே குலைக்கிற அந்த ஒற்றை ஆள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லார் மனத்தையும் வளைக்கத் தெரிந்தவன், பேய்ட்டா என்கிற பெண் தன்மேல் தானாகக் காட்டிய பிரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று அவள் மனத்தை மட்டும் தொடாமல் விடுகிறான். அதனாலேயே தோற்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அசிமோவுக்கு மனிதர்களை எழுத வராது என்று இனிமேல் சொல்லமாட்டேன். அடிக்கடி வராது என்று வேண்டுமானால் சொல்வேன்.

நீ படிக்கிற இன்னொரு எழுத்தாளர் லெ குவினைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லை. அவருடைய 'The Left Hand of Darkness' நாவலில், அந்தப் பனிப்பாலையில் இரண்டு பேர் வண்டியை இழுத்துக்கொண்டு போகிற அத்தியாயங்களைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சரி.

எனக்கு இரண்டாம் பின்னுரை இன்னும் பாக்கி. பாதியில் நிற்கிறேன், நிஜமாகவே படுத்துகிறது. நீ அந்த டால்ஸ்டாய் தடிப்புத்தகத்தை முதலிலிருந்து படிக்க வேண்டாம். வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாக, போர் எப்படி இருக்கும் என்று வேடிக்கை பார்க்கப் பியர் போரோடினோவுக்குப் போகிறான் இல்லையா, அங்கிருந்து தொடங்கு. பிடிக்கவில்லை என்றால் போன் பண்ணித் திட்டு. படித்துவிட்டுத் திட்டு.

அன்புடன்,
அம்மா