பூசானின் மை ஓவியம் ஒத்திகை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பரோக் காலக் (பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய) கலை பற்றிய கட்டுரை, பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசானின் ‘அடோனிஸின் பிறப்பு’ என்னும் மை ஓவியத்தை, பின்னால் தீட்டப்போகும் வண்ண ஓவியத்துக்கான ஒத்திகை என்பதுபோல் குறிப்பிட்டிருந்தது. இது சரியன்று.

பூசான் ரோமுக்குக் குடிபெயர்வதற்கு முன், 1622–23 வாக்கில் பாரிஸில் இருந்தபோது, இத்தாலியக் கவிஞர் ஜியாம்பத்திஸ்தா மரீனோவுக்காக வரைந்து தந்த தொடரைச் சேர்ந்தது அது. பண்டைய ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய உருமாற்றக் கதைகளையே பெரிதும் தழுவிய அத்தொடர், இன்று வின்ட்சர் கோட்டையில் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ளது. மரீனோவும் அடோனிஸைப் பற்றி ஒரு நெடுங்காவியம் இயற்றி, 1623இல் பாரிஸிலேயே வெளியிட்டவர். கதையை அக்கு வேறு ஆணி வேறாக அறிந்த அவர் கையில் வைத்து நிதானமாகப் பார்க்கும்படி முடித்துத் தரப்பட்ட படைப்பாகவே இதைக் கொள்ள வேண்டும்.

கதை இதுதான்: தந்தைமீது கொண்ட தகாத காதலால் அவராலேயே கருவுற்ற மிர்ரா, தெய்வங்களிடம் மன்றாடி மரமாகிறாள். பிறகு மரப்பட்டை பிளந்து அடோனிஸ் பிறக்கிறான். மகப்பேற்றுத் தெய்வமான லூசினாவும் நீர்த் தேவதைகளும் சூழ்ந்திருக்கும் அந்தக் கணத்தைப் பூசான் இறகுப் பேனாக் கோடுகளாலும், நீர்த்த சாம்பல்நிற மையாலுமே காட்டிவிடுகிறார். வெளிச்சத்துக்கென்று தனியாக வெள்ளை தேவைப்படவில்லை. மை படாமல் விட்ட காகிதமே வெளிச்சம். நிழல் ஆழ வேண்டிய இடத்தில், முதல் பூச்சு உலர்ந்தபின் அதன்மேல் இன்னொன்று பூசலாம். ஆனால் ஊறிய மையைத் துடைத்தெடுத்துப் பழைய வெண்மையை மீட்க முடியாது. எண்ணெய் வண்ணத்தில் பிழையை மறைத்துத் தீட்டலாம் என்பதை நினைத்தால், எது கடினமான வேலை என்று கட்டுரையாளரே முடிவு செய்துகொள்ளலாம்.

படத்தை அச்சிட்ட விதமும் அதற்கு நியாயம் செய்யவில்லை. மெல்லிய பூச்சுகளெல்லாம் ஒரே கறுப்பாய் அப்பிக்கொண்டதால், மரமும் அருகிலுள்ள பெண்களும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. (அந்த அச்சை மட்டும் பார்த்தவர்கள் ஒத்திகை என்று நம்பியிருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.) அடுத்த இணைப்பில் அப்படத்தை அரைப்பக்க அளவிலாவது சாம்பல் நிறச் சாயல்கள் கெடாமல் மீண்டும் வெளியிட்டு, வரைந்த காலம், ஊடகம், இருக்குமிடம் ஆகியவற்றை அதன் அடியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓவிய ஆர்வலர் ஒருவர்