மகள் சொல்லாமல் விட்ட வாக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பேச்சு தாமதம். அவனுக்கு என்னென்ன சிறப்புப் பயிற்சி, வாரம் எத்தனை முறை என்று முடிவு செய்ய, பொதுப் பள்ளியில் பெற்றோரையும் வைத்து ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டம் நடத்துவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். கணவருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. மேசையைச் சுற்றி ஆறு பேர். என் ஆங்கிலம் கடைக்குப் போய்வரப் போதும், அங்கே போதவில்லை. 11 வயது மகளை வகுப்பிலிருந்து அழைத்து வந்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

உளவியலாளர் ஓரிடத்தில் நீளமாகப் பேசினார். மகள் தன் தம்பியின் பெயர் அச்சிட்டிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒன்றுமில்லை அம்மா, கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்" என்றாள். போட்டேன். அன்றிரவு போர்வைக்குள் அழுதுகொண்டே சொன்னாள்: "தம்பிக்குப் புரிந்துகொள்ளும் திறனே குறைவாம். அதை எப்படி உங்களிடம் சொல்வேன்?"

அவள்மேல் தவறில்லை. அந்தச் சுமையை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றியதுதான் தவறு. இதில் எனக்கு உரிமை உண்டு என்பதையே நூலகத்தில் வேலை பார்க்கும் தோழி சொல்லித்தான் அறிந்தேன். 1975இல் வந்து, இன்று 'ஐடியா' என்று அழைக்கப்படும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, பெற்றோர் அந்தக் கூட்டத்துக்கு வந்த விருந்தாளி அல்லர், முடிவெடுக்கும் குழுவின் உறுப்பினர். எழுத்து மூலம் நாம் சம்மதம் தராமல் சிறப்புக் கல்வியைத் தொடங்க முடியாது. இயலவே இயலாத நிலை தவிர, பிள்ளையை அவன் மொழியிலேயே சோதிக்க வேண்டும். இச்சட்டம் தரும் உரிமைகள் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் சொந்தமானவை என்று 2007இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

கடிதம் எழுதி மறு கூட்டம் கேட்டேன். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தார். "அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் சிவப்புத் துண்டை எடுத்து அக்காவிடம் கொடு என்றால் தவறாமல் செய்வான். நீங்கள் அவனை ஆங்கிலத்தில் மட்டும்தான் கேட்டீர்கள்" என்றேன். பேச்சுப் பயிற்சியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அதை மறுபடி சொல்லச் சொன்னார். தமிழில் புதிதாகச் சோதித்தார்கள். திட்டம் மாறியது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரிய வேண்டும், அதற்குத் தேவையான எதையும் பள்ளி நிர்வாகம் செய்தாக வேண்டும் என்ற வலுவான வாசகம், ஐடியா சட்டத்தில் இல்லை. கூட்டாட்சி அரசின் கல்வித் துறை வகுத்த விதிமுறையில்தான் இருக்கிறது. அந்தத் துறையையே மூட வழி செய்யும் ஆணையில் 2025 மார்ச்சில் அதிபர் கையெழுத்திட்டார். விதிமுறையைத் திருத்தத் துறையே முயலலாம். சட்டத்தை நாடாளுமன்றம்தான் மாற்ற முடியும். இன்னொரு சட்டத்தையும் பாருங்கள்: ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு நிதி தரும் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெற்றோர் பங்கேற்புக்கென்று தனிப் பிரிவே உண்டு. 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் கல்வி மாவட்டங்கள் அதில் குறைந்தது 1 சதவீதத்தை அதற்கென ஒதுக்க வேண்டும். ஆனால் பெற்றோருக்குப் புரியும் மொழி என்று வரும்போது மட்டும், "நடைமுறையில் இயன்ற அளவுக்கு" என்று பின்வாங்குகிறது. ஆள் கிடைக்கவில்லை, இயலவில்லை என்று சொல்லிவிட்டால் என் போன்றவர்கள் எங்கே போவது?

அந்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் கடைசியாக 2015இல் முழுமையாகத் திருத்தப்பட்டது. அடுத்த முறை திருத்தும்போது "இயன்ற அளவுக்கு" என்ற சொற்களை நீக்கிவிட்டு, "தேவையான எதையும் செய்தாக வேண்டும்" என்ற கடமையை இரண்டு சட்டங்களிலும் எழுத வேண்டும். எனக்கு இங்கே வாக்குரிமை இல்லை. வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு இதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுடைய அடுத்த கூட்டம் அக்டோபரில். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். மகள் அந்த நேரத்தில் தன் வகுப்பில் இருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
நியூ ஜெர்சி.