குறைகளை எங்களிடம் சொல்லுங்கள் என்றீர்களே

மதுரை ஓட்டல், மெஸ், டீக்கடை, மிட்டாய்க்கடை முதலாளிமார்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் கடையில் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே ஒரு பலகை தொங்கும். ‘நிறைகளை நண்பர்களிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள்.’ இருபத்தேழு வருடமாக அதைப் படித்துக்கொண்டே காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நிறைகளை நண்பர்களிடம் நிறையவே சொல்லியாயிற்று. சிம்மக்கல் கறிதோசைக்கும் விளக்குத்தூண் ஜிகர்தண்டாவுக்கும் நான் கூட்டிக்கொண்டு வந்த வெளியூர்க்காரர்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையும். பலகையின் இரண்டாவது பாதிதான் பாக்கி.

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர் அறை வாசலில் காத்திருப்பது, அப்புறம் சாப்பிடக் கடை தேடுவது, என் வேலை நாளில் பாதி இதிலேயே போய்விடும். கோரிப்பாளையத்தில் காலை டிபன், பைபாஸ் ரோட்டில் மதியச் சாப்பாடு, இரவு எங்கே முடிகிறதோ அங்கே இரண்டு இட்லி. சமையல் நுணுக்கம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நிறைய இலையில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருடம் புதிதாகத் திறந்த ஓர் ஓட்டலில் பன் புரோட்டா சாப்பிட்டேன். பன் புரோட்டா என்றால் விண்டதும் உள்ளே பஞ்சு மாதிரி ஆவி வர வேண்டும். இது விண்டபோது பழைய எண்ணெய் வாடைதான் வந்தது. சால்னா, வெந்நீரில் மிளகாய்த்தூளை அறிமுகம் செய்து வைத்த மாதிரி இருந்தது. பில்லோடு ஒரு கியூஆர் கோடு அட்டையும் வந்தது. கொண்டுவந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. “சார், அஞ்சு ஸ்டார் போட்டு, என் பேரையும் எழுதிட்டுப் போங்க சார். வாரத்துக்கு இத்தனைன்னு கணக்கு கேக்கிறாங்க” என்றான். பக்கத்திலேயே நின்றான். என் மகன் வயது. ஐந்து நட்சத்திரம் போட்டேன். ‘அருமையான சுவை, கனிவான உபசரிப்பு’ என்றும் எழுதினேன். பின்பாதி உண்மை.

பத்து நாள் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து கூட வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். “என்னண்ணே, உங்க நாக்குக்கு என்ன ஆச்சு? நீங்க எழுதியிருந்தீங்கன்னுதான் குடும்பத்தோட போனேன்.” என்ன பதில் சொல்வது? நானூறு ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு அவனுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் நஷ்டம் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்கிறேன். அந்த ஐந்து நட்சத்திரம் உங்களுக்கு எதற்கு ஆயிற்று? சால்னா தண்ணீராக இருக்கிறது என்ற சேதி உங்களுக்கு வரவில்லை. அடுத்த ஆளை இழுத்துவந்தது, ஆனால் அவன் திரும்பி வரப்போவதில்லை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரவிதி கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய விமர்சனம் கூடாது என்கிறது அது. கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை. மேசை ஓரத்தில் நின்று முகத்தைப் பார்க்கும் பையனைப் பற்றி எந்தத் தரவிதியில் எழுத முடியும்? எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். “ஒரு ஸ்டார் போட்டுருவேன்” என்று மிரட்டி ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

தண்ணீர் டம்ளர். நான்கு டம்ளரை ஒரே கையில் தூக்க வேண்டுமானால் விரல்கள் உள்ளே போனால்தான் முடியும். அந்த விரல்கள் சற்று முன் என்ன செய்தன என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன். முன்னால் சாப்பிட்டவரின் இலையை மடித்து வாளியில் போட்டன, சிந்திய சாம்பாரைத் துடைத்தன. துடைத்த துணி இருக்கிறதே, அது காலையில் நீலக் கட்டம் போட்டதாக இருந்திருக்கலாம். மதியம் ஒன்றரைக்கு அதற்கு நிறமே கிடையாது. ஒரு மேசையின் ஈரத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் அது செய்யும் வேலை. துடைத்த இடத்தில் முழங்கையை வைத்தால் சட்டை ஒட்டும், முகர்ந்தால் அழுகின தேங்காய் வாடை. ஏசி அறையிலும் இதே துணிதான், அங்கே லைட் மங்கலாக இருப்பதால் தெரிவதில்லை. இதற்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வர வேண்டாம். இரண்டு துணி கூடுதலாக, டம்ளர் எடுத்துவர ஒரு தட்டு. தயவுசெய்து அந்தப் பையனைத் திட்டாதீர்கள். பதினெட்டு பேருக்கு ஒரு சப்ளையர் என்று வைத்தது நீங்கள்.

அடுத்து பில். ஓர் ஓட்டலில் மொத்தத்துக்கு மேலே ‘எஸ்.சி. 5%’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது, சர்வீஸ் சார்ஜ், அதாவது சேவைக் கட்டணம். கேட்டேன். கல்லாவில் இருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் அடித்துவிட்டு வேறு பில் கொடுத்தார். கேட்டவனுக்கு எடுத்துவிடுவீர்கள், கேட்காதவனிடம் எடுத்துக்கொள்வீர்கள், அப்படித்தானே? சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. பையனுக்கு நான் விரும்பிக் கொடுக்கும் இருபது ரூபாய் வேறு, நீங்கள் அச்சடித்து வாங்குவது வேறு. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகளுக்கும் ஒரு சொல்: அந்த வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும், எங்களிடம் தனியாக ஜிஎஸ்டி என்று வாங்கக் கூடாது. பேனாவால் எழுதிய ஜிஎஸ்டியை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் ஒரு முறை நான் அசடு வழிந்தேன். எம்ஆர்பிக்கு மேல் வாங்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, ஓர் ஓட்டலில் குரலை உயர்த்தினேன். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலுக்கு அது பொருந்தாது என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்கள் இதைப் படித்து உற்சாகப்பட வேண்டாம், ‘கூலிங் சார்ஜ்’ இரண்டு ரூபாய்க்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. உட்கார்ந்ததும் “மினரல் வாட்டரா சார்?” என்கிறார்கள். சாதாரணத் தண்ணீர் என்று சொன்னால் பையனின் முகம் ஒரு சுற்று இறங்கும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதில் கஞ்சத்தனம் எங்கே வந்தது?

மிட்டாய்க்கடைக்காரர்களே, போன தீபாவளிக்கு உங்களில் ஒருவர் கடையில் கிலோ 640 ரூபாய் மைசூர்பாகு ஒரு கிலோ கேட்டேன். தராசில் பெட்டியை வைத்து, அதற்குள் அடுக்கி, 1.000 வந்ததும் மூடி நூலைச் சுற்றினார்கள். கூட்டம் எனக்குப் பின்னால் நெட்டித் தள்ளுகிறது. “காலிப் பெட்டியை ஒரு தடவை வைங்க” என்றேன். 68 கிராம். ஆக, நாற்பத்து மூன்று ரூபாய்க்கு அட்டைப்பெட்டி வாங்கியிருக்கிறேன், மைசூர்பாகு விலையிலேயே. தராசில் ஒரு பட்டன் இருக்கிறது, பெட்டியை வைத்துவிட்டு அதை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். அந்தக் கடையில் அந்தப் பட்டன் மேல் மட்டும் எழுத்து அழியாமல் புதுசாக இருந்தது. நான் கேட்டதற்கு இரண்டு துண்டு கூடப் போட்டார்கள். பின்னால் நின்றவர்களுக்கு யார் போட்டிருப்பார்கள்? தராசுக்கு முத்திரை போடும் தொழிலாளர் துறைக்காரர்கள் வந்து பார்த்தாலும் தராசு சரியாகத்தான் இருக்கும். போகிற போக்கில் இன்னொன்று: உதிரி இனிப்பை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டுக்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் முதல் விதி. எழுதி வைக்கிறீர்கள். தட்டு மாறுகிறது, அட்டை மாறுவதில்லை.

பார்சல். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி, ஊதி, ரப்பர் பேண்டு போடும் வித்தை நம்மூரில் அழியவில்லை. அதற்குப் பயந்து வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துக்கொண்டு ஒரு மெஸ்ஸுக்குப் போனேன். சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் என் பாத்திரத்தில். பில்லில் ‘பார்சல் சார்ஜ் 10’. “என் வாளிண்ணே இது” என்றேன். “சிஸ்டத்துல பார்சல்னு போட்டா தானா ஏறிடும் சார்” என்றார். சிஸ்டத்தின் மேல் பழி போட்டால் யாரும் கோபப்பட முடியாது என்று கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்.

இதையெல்லாம் அப்போதே அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கடைகளில் குறை சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, “காலைலேர்ந்து நூறு பேர் சாப்பிட்டுப் போயிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க.” அந்த நூறு பேரும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு போனவர்களாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதே இல்லை. இன்னொன்று இதைவிட மோசம். ஒரு மெஸ்ஸில் ரசத்தில் உப்பு கூட என்று மெதுவாகத்தான் சொன்னேன். முதலாளி அங்கிருந்தே கத்தினார்: “எவன்டா இன்னைக்கு ரசம்?” சரக்கு மாஸ்டர் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும், கையில் கரண்டி. இருபது பேர் பார்க்க அவருக்கு விழுந்த திட்டு அந்த உப்பைவிடக் கரித்தது. மிச்சச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு பல நாள் நான் எங்கேயும் குறை சொல்லவில்லை. சொல்லாமல் கடையை மாற்றிக்கொண்டேன். பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். வீட்டுக்குப் போய் போனில் ஆத்திரத்தைக் கொட்டுகிறவன்கூட உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் போனவன்தான்.

வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். அரசரடி பக்கம் சின்ன மெஸ், பன்னிரண்டு பேர் உட்காரலாம். ரசம் புளித்து வேறு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. வாளியிலிருந்து கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார்கள். முகம் கோணியது. “ஆமா தம்பி, நேத்து தக்காளி” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அன்று யாருக்கும் ரசம் இல்லை. மோர் இன்னொரு தடவை வந்தது. அந்தக் கடையில் பலகையும் இல்லை, கியூஆர் அட்டையும் இல்லை. மாசி வீதிப் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் வரும் பருத்திப்பால் அண்ணனும் ஒரு நாள் டம்ளரை நீட்டப்போய் நிறுத்திக்கொண்டார். “அடிப்பிடிச்சிருச்சுண்ணே, கருப்பட்டி மறைச்சிருது, ஆனா உங்களுக்குத் தெரியும். நாளைக்கு வாங்க.” மறுநாள் போனேன். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, கயிறு கட்டிய பேனா. பெயர் எழுத வேண்டாம், தேதியும் குறையும் போதும். இரவு கடை எடுத்து வைத்த பிறகு நீங்கள் மட்டும் படியுங்கள், மாஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஐந்து நட்சத்திரக் கணக்கை அந்தப் பையன்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள்.

புதிய ஓட்டல்காரருக்குத் தனியாக ஒரு வரி. நான் போட்ட ஐந்தை இரண்டாகக் குறைத்து, ‘சால்னா தண்ணீர், எண்ணெய் பழசு, பையன் தங்கம்’ என்று மாற்றி எழுதியிருக்கிறேன். அவன் கணக்கில் ஒன்று குறைந்திருந்தால் அவனைக் கேட்காதீர்கள். எண்ணெயை மாற்றியதும் சொல்லி அனுப்புங்கள், திருநெல்வேலித் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தூக்குவாளியோடு வரும் வாடிக்கையாளன்,
எஸ்.எஸ். காலனி, மதுரை